நீரோட்ட முறை

பத்தாம் வாய்க்கால் பள்ளிக்கூடம்,
தர்மபுரம்.
20.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்து, கடைசி மூன்று கட்டைத் தூரத்துக்கு மாட்டு வண்டிலில் ஏறினேன். முதுகு நோவைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் தலையிடி எப்படி இருக்கிறது? அத்தானும் புவனாவும் சுகந்தானே?

பள்ளிக்கூடம் என்பது கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். மூன்று ஆசிரியர்கள். பாலர் வகுப்பும் முதலாம் வகுப்பும் சேர்த்து எனக்கு முப்பத்தொரு பிள்ளைகள். எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்களின் பிள்ளைகள். பெரிய வாத்தியார் கனகலிங்கம் நல்ல மனிதர். பிரம்பைக் கையில் எடுத்தால் மட்டும் ஆள் வேறு. அன்னபாக்கியம் என்ற ஒருத்தி தன் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறா. புருசன் இல்லாதவ, நன்றாகச் சமைக்கிறா.

இங்கே பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் பயம். சிலேற்றில் ஓர் எழுத்தை ஐம்பது தரம் எழுதவைக்கிற வழக்கம். பத்தாவது தரத்தில் 'அ' வேறு ஏதோவாகிவிடும், பிறகு அடி. நேசமலர் என்று ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. இடக்கைக்காரி. எனக்கு முன் இருந்தவர் அந்தக் கையில் அடித்து அடித்து, இப்போது சிலேற்றைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறாள்.

முந்தநாள் எல்லாரையும் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். நிலத்தில் தடியால் பெரிதாக 'ட' கீறி, அதைக் கிண்டி ஆழமாக்கி, மேல் நுனியில் சிரட்டையால் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கீழே இறங்கி, திரும்பி, வலப்பக்கம் ஓடி நின்றது. பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தகப்பன்மார் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதை நாள்தோறும் காண்கிற பிள்ளைகள்தானே. பிறகு ஆளுக்கொரு தடி எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கோடு எங்கே முறிகிறதோ அங்கே தண்ணீர் நின்றுவிடும். நான் பிழை சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

நேசமலர் இடக்கையால் 'ப' வெட்டினாள். "ரீச்சர், என்ரை தண்ணி கடைசி மட்டும் போயிட்டுது" என்றாள். நான் வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

நீங்கள் எனக்காக விட்டுத்தந்த படிப்பு வீணாகவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மருந்தை ஒழுங்காக எடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
விமலேஸ்வரி

*

அளவெட்டி.
6.2.1963

அன்புத் தங்கச்சி விமலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மனம் ஆறினது. இங்கே மூவரும் சுகம். தலையிடி வந்து வந்து போகிறது. அந்தக் காட்டுப் பக்கம் காய்ச்சல் கூடவாம், கொதித்தாறின தண்ணீரையே குடி.

நீ தண்ணீர் ஊற்றி எழுத்துப் பழக்கினதை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்து, "திருப்பி ஒருக்கா வாசியும்" என்றார். உன்னைப்பற்றி அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெருமையாக, புளுகமாக இருந்தது.

புவனாவின் எழுத்தும் கோழி கிண்டினதுபோலத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் திருந்தவில்லை. நீ அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிறதை எல்லாம் ஒன்றும் விடாமல் எழுதினால் நானும் வீட்டில் செய்து பார்ப்பேன். எந்த எழுத்தை முதலில் தொடங்கினாய், பிறகு எது என்று வரிசையாக எழுது.

பனம்பழப் பினாட்டு அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தால் அனுப்புவேன்.

உன் அக்கா,
கமலாசனி

*

தர்மபுரம்.
26.2.1963

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன், அதனால் நீங்கள் பயப்படவேண்டாம். அத்தான் என் கடிதத்தைக் கேட்டாரென்பது பெரிய சந்தோசம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருசம் படிப்பித்தவர், இந்தக் கொட்டிலில் நடப்பதைக் காதுகொடுத்துக் கேட்டாரே.

முதலில் ட, ப, ம, ய. தண்ணீர் நேராக ஓடித் திரும்புகிற எழுத்துகள். பிறகு வளைவுள்ளவை: வ, ல, த. சுழி உள்ளவை கடைசியில். ஈரமண்ணில் கை பழகினபின் சுளகில் தவிட்டைப் பரப்பி விரலால் எழுதுகிறோம். அதற்குப் பிறகுதான் சிலேற்று. சிலேற்றில் மூன்று தரத்துக்கு மேல் ஓர் எழுத்தை எழுதக் கூடாது. அந்த மூன்றில் எது வடிவென்று பிள்ளையே சொல்லவேண்டும். அதில் அவர்கள் எவ்வளவு நேர்மை, அக்கா. தன்னுடையதில் குறை கண்டு தானே அழிக்கிறார்கள்.

ணை, னை, லை, ளை நான்கிலும் எல்லாரும் குழம்பினார்கள். மற்ற எழுத்துகளுக்குப்போல முன்னால் கொம்பு வராமல், இவற்றின் தலைக்கு மேலே தும்பிக்கைபோல ஒரு வளைவு வருகிறதல்லவா, அதனால் அவற்றுக்கு யானை வரிசை என்று பெயர் வைத்தேன். போன கிழமை விடியப்புறம் யானை வந்து மயில்வாகனம் என்பவரின் வயலில் அரைவாசியை நாசமாக்கிவிட்டது. அவர் நேசமலரின் தகப்பன். பள்ளிக்கூடம் முழுக்க அதே கதைதான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் தன் யானையை எழுதி, அது எந்த வயலுக்குள் போகிறதென்று கதை சொல்லவேண்டும். தும்பிக்கை உயராவிட்டால் யானை பட்டினி.

நேசமலர் ஒரு பெரிய 'லை' எழுதி அதைச் சுற்றிக் குற்றுக் குற்றாகப் புள்ளி வைத்தாள்.

"இது என்ன பிள்ளை?"

"ஆனைவெடி, ரீச்சர். எங்கடை நெல்லைத் திண்ட ஆனை இது."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவளும் சிரித்தாள்.

சித்திரை விடுமுறைக்கு வருவேன். புவனாவோடு இருந்து நானே பழக்கிவிடுகிறேன்.

உங்கள்,
விமலா

*

அளவெட்டி.
18.3.1963

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தில் சில விசயங்கள் விளங்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாளில் எழுத்துத் திருந்துகிறது? தவிடு இல்லாத இடத்தில் வேறு எதைப் பாவிக்கலாம்? ஒரு பாடத்துக்கு எத்தனை நிமிடம்? இடக்கைப் பிள்ளையை எப்படித் திருத்தினாய்? பதிலை விரிவாக எழுதவும்.

சித்திரைக்கு வராதே. கூரை பிரித்து வீடு மேய்கிறோம், உனக்குப் படுக்கவும் இடம் இருக்காது. ஆவணி விடுமுறைக்குப் பார்ப்போம்.

அக்கா

*

தர்மபுரம்.
10.4.1963

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். வெயில்தான் உரக்க எறிக்கிறது. வீடு மேய்கிற வேலையில் உங்கள் தலையிடியைக் கூட்டிவிடாதீர்கள். நான் ஒரு மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு கிடந்திருப்பேன். இருந்தும் நீங்கள் வேண்டாமென்றால் சரி.

போன கடிதத்தை வாசித்துவிட்டு அன்னபாக்கியத்துக்குச் சொன்னேன், என் அக்கா பள்ளிக்கூடம் சோதிக்க வருகிற வித்தியாதரிசிமாதிரிக் கேள்வி கேட்கிறா என்று. முன்பெல்லாம் நீங்கள் எழுதினால் கிணற்றடியில் நடந்த சண்டைவரைக்கும் வரும்.

ஒரு பாடத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தவிடு இல்லாவிட்டால் சாம்பலோ குருமணலோ போதும். நாளைக் கணக்கில் வைத்துக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சிலருக்கு இரண்டு கிழமை, சிலருக்கு இன்னும் இல்லை.

இப்போது புதிதாக ஒன்று செய்கிறோம். வெறும் பால்மா ரின் ஒன்றைக் கொட்டிலைத் தாங்குகிற கப்பில் கட்டி, அதைத் தபாற்பெட்டி என்கிறோம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரண்டு சொல்லில் கடுதாசி எழுதிப் போடுகிறார்கள். வாசிக்க முடியாத கடுதாசி எழுதினவருக்கே திரும்பிப் போகும். "மாடு வா", "பல் ஆடு" என்றெல்லாம் வருகிறது. வடிவாக எழுதவேண்டுமென்று நான் சொல்வதே இல்லை. மற்றப் பிள்ளை வாசிக்கவேண்டும் என்பதற்காகத் தாங்களே வடிவாக எழுதுகிறார்கள்.

இடக்கைப் பிள்ளையை எப்படித் திருத்தினேன் என்று கேட்டிருந்தீர்கள். நான் திருத்தவில்லை. சிலேற்றை மற்றப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தேன், அவ்வளவுதான். அவளுடைய கையைப் பிடிக்கவோ கட்டவோ கூடாது. யாராவது உங்களிடம் கேட்டால் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

வருசப்பிறப்புக்கு உங்களை நினைத்துக்கொள்வேன்.

விமலா

*

அளவெட்டி.
19.5.1963

என் அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? அம்மா கடைக்குப் போயிருக்கிறா. அப்பாவின் மேசையில் இருந்த முத்திரையை எடுத்து இதை அனுப்புகிறேன். சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் சித்திரைக்கு வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மேயவில்லை. அது போன வருசம் மேய்ந்தது. உங்கள் கடிதங்கள் எல்லாம் அப்பாவின் மேசையில் இருக்கின்றன. பின்னேரத்தில் அம்மா வாசிக்க அப்பா எழுதுவார். பிறகு அம்மா அதைப் பெரிய கொப்பியில் வடிவாகப் படி எடுப்பா. என்னைக் கிட்டப் போக விடமாட்டார்கள்.

நானும் நல்ல வடிவாக எழுதுவேன் சின்னம்மா. போன வருசம் பள்ளிக்கூடத்து எழுத்துப் போட்டியில் எனக்குத்தான் முதலாம் பரிசு. ஒரு பேனை தந்தார்கள். இந்தக் கடிதமும் அந்தப் பேனையால்தான் எழுதுகிறேன்.

யானைவெடிப் பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புவனா

*

தர்மபுரம்.
2.6.1963

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

புவனாவின் எழுத்தை ஒரு கடிதத்தில் காணக் கிடைத்தது. அவளை ஏசவேண்டாம், சின்னம்மாவுக்குத்தானே எழுதினாள். முத்துமுத்தாக எழுதியிருக்கிறாள். நான் அவளுக்குப் பழக்கிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அத்தான் என்ன எழுதுகிறார், அக்கா? பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கட்டுரையா? அவருக்கு இதில் பிரயோசனம் இருந்தால் எனக்கும் சந்தோசந்தான். என்னிடமே கேட்டிருக்கலாமே. தெரியாமல் நடந்ததால் மனம் ஏதேதோ நினைக்கிறது. நீங்கள் ஒரு வரி எழுதினால் அது போய்விடும்.

ஆவணி விடுமுறைக்கு வரலாமா என்றும் எழுதுங்கள்.

விமலா

*

அளவெட்டி.
15.9.1963

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஆனிக் கடிதமும் அதற்குப் பிறகு வந்த இரண்டும் கிடைத்தன. எனக்குத் தலையிடி கூடி யாழ்ப்பாணத்தில் டாக்குத்தரிடம் காட்டினோம், அதனால் எழுதவில்லை. ஆவணியில் நீ அங்கேயே நின்றதாக அறிந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

நல்ல செய்தி ஒன்று. அத்தானுக்கு வித்தியாதரிசி வேலை கிடைத்திருக்கிறது. முன்பு இரண்டு தரம் அவரைத் தள்ளிவிட்டு வேறு ஆட்களை எடுத்தது உனக்குத் தெரியும். இந்தமுறை அவர் பாலர் வகுப்புக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதி அச்சடித்தவர். மேலிடத்தில் அதைப்பற்றி நல்ல கதை. உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் வரும். வந்தால் பார்.

புவனா உன்னைக் கேட்கிறாள்.

அக்கா

*

தர்மபுரம்.
20.10.1963

அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் தலையிடி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புத்தகம் வந்தது. பெரிய வாத்தியார் கிளிநொச்சியில் நடந்த கூட்டத்துக்குப் போய் ஆறு பிரதி கொண்டுவந்தார். "மிஸ், இதைப் பாருங்கோ. படிச்ச ஆக்கள் எப்பிடி யோசிச்சிருக்கினம்" என்று என் மேசையில் வைத்தார். மேலட்டையில் 'எழுத்தழகுப் பயிற்சி' என்றும் அதன் கீழே 'ஆக்கியோன்: வே. கதிர்காமநாதன்' என்றும் இருந்தது. அவர் யாரென்று நான் சொல்லவில்லை.

அத்தானின் முன்னுரையில், பல வருட ஆராய்ச்சியின் பயன் இது என்று இருக்கிறது. படி எடுத்து உதவிய இல்லாளுக்கு நன்றி என்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னும் ஒரு பெயர் இருக்குமோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நான் வாய்க்கால் கரையில் செய்ததற்கு 'நீரோட்ட முறை' என்று பெயர். அதில் தண்ணீர் இல்லை. வகுப்பறை சேறாகுமாம். ஆசிரியர் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுக, மாணவர் கொப்பியில் ஐம்பது தரம் எழுதுக. யானை வரிசையும் இருக்கிறது. படத்தில் நெற்றிப்பட்டம் கட்டின கோயில் யானை. பிள்ளைகள், "இந்த ஆனைக்கு ஏன் சட்டை போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். தபாற்பெட்டி, 'மடல் வரைதல்' என்று மாறியிருக்கிறது. பிழைவிட்ட மடலை வகுப்பின் முன்னால் வாசித்து வெட்கப்படச் செய்க என்று எழுதியிருக்கிறது.

இருபத்தேழாம் பக்கத்தையும் சொல்லவேண்டும். 'இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையின் இடக்கையை எழுதும் நேரத்தில் துணியால் உடலோடு சேர்த்துக் கட்டிவிடுக. ஒரு மாதத்தில் பழக்கம் மாறும்.' நான் உங்களுக்கு எழுதினது நினைவிருக்கிறதா, அக்கா? அந்தக் கடிதமும் மேசையில்தானே இருந்தது?

நாங்கள் வாய்க்கால் கரைக்குப் போவதைப் பெரிய வாத்தியார் நிறுத்திவிட்டார். "புத்தகத்திலை இல்லாததைச் செய்யக்கூடாது மிஸ்" என்கிறார். நான் இப்போது அம்புக்குறி போடுகிறேன்.

நீங்கள் இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சுகத்துக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள்.

விமலேஸ்வரி

*

அளவெட்டி.
10.11.1963

விமலாவுக்கு,

இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை ஆறு தரம் வாசித்தேன். அவருக்குக் காட்டவில்லை.

புவனாவின் எழுத்தைப்பற்றி நான் சொன்னது பொய். அவர் அப்படி எழுதச் சொன்னார், எழுதினேன். கேள்விகளும் அவருடையவை. நீ விடுமுறைக்கு வந்தால் மேசையில் கிடப்பதைக் காண்பாய் என்பதால் வரவேண்டாம் என்றேன். புத்தகம் முழுவதையும் படி எடுத்தது நான். உன் பெயரையும் ஓரிடத்தில் போடுங்கோவன் என்று கேட்டேன். "கலியாணம் ஆகாத பெட்டைக்கு அச்சிலை என்னத்துக்குப் பேர்?" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

கையைக் கட்டுகிற வசனம் அவர் சேர்த்தது. அந்த இடத்தில் எனக்குப் பேனை ஓடவில்லை. பிறகு எழுதினேன்.

நீயும் ஒன்றை யோசித்துப்பார். எட்டாம் வகுப்போடு நான் நின்றேன். எங்களைப் பெற்ற அப்பு செத்தபிறகு உன்னை ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பினது அவர்தான். நீ பிள்ளைகளோடு தண்ணீர் ஊற்றி விளையாடுகிறாய், உனக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அவர்தான் இருக்கிறார். இரண்டு தரம் வேலை தவறினபோது வீட்டில் நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்கு ஒரு நாளும் எழுதினதில்லை. இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் என்னோடு முகம் பார்த்துக் கதைக்கிறார்.

தை மாதம் தொடக்கம் உங்கள் பகுதியும் அவருடைய பொறுப்பில் வருகிறது. உன் பள்ளிக்கூடத்துக்கும் வருவார். ஆட்கள் முன்னால் ஒன்றும் சொல்லிவிடாதே. எனக்காக.

அக்கா

*

தர்மபுரம்.
26.1.1964

அக்காவுக்கு,

காய்ச்சல் வந்து மாறிவிட்டது. இப்போது நடமாடுகிறேன்.

அத்தான் புதன்கிழமை வந்தார். நீங்கள் கேட்டபடி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை உங்களுக்கு அறிவிக்கவும், அன்று நான் செய்ததைச் சொல்லவும் இதை எழுதுகிறேன். வேறு யாருக்கும் சொல்ல என்னால் முடியாது.

முதல்நாளே பெரிய வாத்தியார் வந்து, "அந்த இடக்கைப் பிள்ளையை என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டார். வீட்டில் நிற்கச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வரவு குறையக்கூடாது. புத்தகம் எழுதினவரே வாறார். அவர் சொன்னபடி செய்து காட்டுங்கோ. இல்லாட்டி உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்" என்றார்.

இன்னும் உத்தியோகம் நிரந்தரமாகாதவள் நான். இரவு முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அவ்வளவு யோசிக்கவில்லை.

காலையில் நேசமலரைக் கூப்பிட்டேன். என் பழைய சேலையில் கிழித்த துணியால் இடக்கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். "இது என்ன எழுத்து, ரீச்சர்?" என்று கேட்டாள். நான் முடிச்சைப் போட்டேன்.

அத்தான் கதிரையில் இருந்தார். என்னை, "மிஸ், பாடத்தைத் தொடங்குங்கோ" என்றார். நான் அம்புக்குறி போட்டேன். பிள்ளைகள் ஐம்பது தரம் எழுதினார்கள். நேசமலர் வலக்கையில் பென்சிலைப் பிடித்தபடி ஒரு கோடும் போடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தான் கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை விலக்கினார்.

போகும்போது, வருகிற அதிகாரிகள் குறிப்பு எழுதுகிற லொக் புத்தகத்தில் எழுதினார். பெரிய வாத்தியார் எனக்கு வாசித்துக் காட்டினார். 'பாலர் பகுதி ஆசிரியை நீரோட்ட முறையை ஓரளவு கையாளுகிறார். அதன் உட்கருத்தை இவர் இன்னும் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும்.' கீழே கையொப்பம். ஜீப்பில் ஏறுமுன் தனியே ஒரு நிமிடம் என் பக்கம் வந்தார். உங்களைப்பற்றி, "கொக்கா சுகமாய் இருக்கிறா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்தநாள் நேசமலர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நேற்று அவர்கள் வயலுக்குப் போனேன். நெல் முற்றி நிற்கிறது. பரணில் நின்று தகரம் தட்டிக் குருவி கலைத்துக்கொண்டிருந்தாள். இடக்கையால்தான் தட்டினாள். தாய் வரம்புப் புல் வெட்டின கையோடு வந்து, "அவள் ஏலாதெண்டிட்டாள் ரீச்சர். இருக்கட்டும், இங்கையும் ஆள் வேணும்தானே" என்றா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் பரணுக்குக் கீழே நின்று, "நேசம், நாளைக்கு வாய்க்கால் கரையிலை எழுதுவமே? ஒருத்தரும் ஏசமாட்டினம்" என்றேன்.

கீழே பார்க்காமலே சொன்னாள். "எனக்கு எழுத்து வேண்டாம் ரீச்சர். நான் குருவி கலைக்கிறன்."

அங்கே நின்றால் அவளுக்கு வேலை கெடும் என்று வந்துவிட்டேன்.

கட்டச் சொல்லி எழுதினது அத்தான். படி எடுத்தது நீங்கள். கட்டினது நான். மூன்று பேரும் பேனை பிடிக்கத் தெரிந்தவர்கள்.

விமலேஸ்வரி

*

அளவெட்டி.
16.2.1964

என் அன்புத் தங்கச்சிக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று அறிந்து கவலைப்பட்டேன். இப்போது முற்றாக மாறிவிட்டதா? இங்கே அனைவரும் சுகம். புவனா நாலாம் வகுப்பு.

உன் கடிதத்தை வாசித்தபிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்யலாம் என்று தெரியவில்லை. ஒரு சட்டை தைத்து அனுப்பட்டா? அளவு எழுது.

இன்னுமொன்று. எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன், அவர் நாள்தோறும் கேட்கிறார். புத்தகத்தை இரண்டாம் வகுப்புக்கும் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்களாம். நீ இப்போது வளர்ந்த பிள்ளைகளோடு புதிதாக ஏதாவது செய்கிறாயா என்று கேட்கச் சொன்னார். இந்தமுறை முன்னுரையில் உன் பெயரைப் போடுவாராம். எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.

கோபத்தை விட்டு ஒரு நாலு வரி எழுது. நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா,
கமலாசனி

*

பத்தாம் வாய்க்கால் பள்ளிக்கூடம்,
தர்மபுரம்.
8.3.1964

அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

அறுவடை முடிந்துவிட்டது. இந்த முறை யானை வரவில்லை. நெல் நல்ல விளைச்சல் என்கிறார்கள். சட்டை வேண்டாம். அந்தக் குடும்பம் போன கிழமை புளியங்குளத்துப் பக்கம் உறவினர் காணிக்குப் போய்விட்டது. விலாசம் எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளபடி எழுதுகிறார்கள். நான் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. செய்தாலும் எழுத மாட்டேன் என்று அத்தானுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் தலையிடிக்கு மருந்து எடுங்கள். பதில் எழுத வசதிப்படாவிட்டால் பரவாயில்லை.

இங்ஙனம்,
க. விமலேஸ்வரி
உதவி ஆசிரியை